நீலச் சட்டைக்கு முன்னால் ஒரு படிவம்

1979-80இல் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. அந்த அணிப் பட்டியலை இன்று எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் அச்சுப்பிழை என்றே தோன்றும். இந்தியா தெற்கு என்று ஓர் அணி, இந்தியா வடக்கு என்று இன்னோர் அணி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும் நாட்டு அணி கிடையாது, மேற்கு ஆஸ்திரேலியா என்ற ஒரு மாநிலத்தின் அணி. கோப்பையை வென்றது தைவான். 1974இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே தைவான்தான். இறுதியாட்டத்தில் அதனிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றது இந்தியா தெற்கு.

ஆண்கள் ஆட்டத்தில் இப்படி ஒன்று நடந்திருக்காது. எந்தக் கொடி, எந்தப் பெயர், எந்தக் கீதம் என்பதற்கே பல மாதம் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கும். பெண்கள் ஆட்டத்தை அப்போது நடத்தியது ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு. இந்தியாவிலும் 1975இல் தொடங்கிய பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வெளியேதான் இயங்கியது. அகில இந்தியக் கூட்டமைப்புக்கும் ஜூரிக்கில் இருந்த ஃபிஃபாவுக்கும் இந்த ஆட்டம் ஒரு பொருட்டாகவே இல்லை. பொருட்டாக இல்லாததால்தான் இந்தியா இரண்டாகப் பிரிந்து ஆட முடிந்தது, தைவான் தைவானாக வர முடிந்தது.

இந்தக் கட்டுரையின் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெண்கள் கால்பந்தைத் தேசம் கண்டுகொள்ளாமல் இருந்தவரை அதில் வறுமை இருந்தது, கூடவே ஒரு தளர்வும் இருந்தது. தேசம் கண்டுகொள்ளத் தொடங்கியதும் அது பெரும்பாலும் காகிதமாகவே வந்து சேர்ந்தது. விளையாட்டுச் சான்றிதழ், வேலைக்கான உத்தரவு, சில வேளைகளில் "இவர் பெண்தானா" என்ற மருத்துவ அறிக்கை. தேசம் பொறுப்பேற்ற பிறகு ஆட்டம் செழித்ததா என்றால் அதுவும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெண்கள் கூட்டமைப்பு பெரிய கூட்டமைப்போடு இணைந்தது. 1980களில் ஆசியாவில் இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று நின்ற அணி, 2009இல் பதினெட்டு மாதத்துக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாத காரணத்தால் ஃபிஃபா தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்டது.

இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்துக்கு எதிரி வெளிப்படையாகவே நின்றது. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறுவருடமே, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் திடல்களை அவர்களுக்கு மூடிவிட்டது. அந்தத் தடை நீங்க ஐம்பது ஆண்டு ஆயிற்று. சென்னையில் யாரும் தடை போடவில்லை. தடை போடும் அளவுக்கு யாரும் ஆடவில்லை.

ஏன் ஆடவில்லை என்பதற்கு, "கட்டுப்பெட்டி ஊர்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது வழக்கம். அது போதாது. பெண்ணின் உடல் எப்படிப் பொதுவெளிக்கு வரலாம் என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மயிலாப்பூரும் அடையாறும் விவாதித்த அளவுக்கு நாட்டில் வேறு வட்டாரங்கள் விவாதித்திருக்குமா என்பது சந்தேகமே. 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போய்த் தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். 1930இல் அவ்வை இல்லம் தொடங்கினார். 1935இல் ருக்மிணி தேவி பிரம்மஞான சபை வளாகத்தில் மேடையேறினார், அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா. ஒருவர் ஆட்டத்தையே ஒழிக்கச் சொன்னார், மற்றவர் ஆட்டத்தை மீட்டு வேறு குடும்பங்களின் கைக்கு மாற்றினார். இருவரும் ஒரே பேட்டைக்காரர்கள். இந்தியப் பெண் மேடையில் எப்படி நிற்பாள், என்ன உடுத்துவாள், எதைக் காட்டுவாள் என்பதற்கு ஒரு தேசிய இலக்கணம் இந்தச் சச்சரவிலிருந்துதான் உருவானது.

ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிப் பின்னர் நந்தனத்தில் நிலைகொண்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதற்கெல்லாம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். ஆனாலும் மயிலாப்பூர்ப் பெண்ணின் உடலுக்கான தேசியப் பாடம் நந்தனத்தில் எழுதப்படவில்லை, திருவான்மியூர் போகும் வழியில் எழுதப்பட்டது. அரைமண்டியில் அரை மணி நேரம் நிற்கும் பெண்ணின் தொடைக்கு இருக்கும் வலு, நடுக்கள ஆட்டக்காரியின் தொடை வலுவுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. முன்னதைப் பட்டு விசிறி மடிப்பு மறைக்கிறது, அதற்கு லாவண்யம் என்று பெயர் வைக்கிறோம். பின்னது டவுசருக்குக் கீழே வெளிச்சத்தில் தெரிகிறது, "ஆம்பளை மாதிரி" என்கிறோம். இரண்டு வகுப்புக்கும் மகளை அனுப்பும் வீடுகள் இப்போது அடையாறில் உண்டு. அரங்கேற்றத் தேதி குறித்தாயிற்று என்றால் முதலில் நிற்பது எது என்று கேட்க வேண்டியதே இல்லை. "கால்ல அடிபட்டா என்ன பண்றது" என்ற நியாயமான கவலைதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். நடனத்தில் கால் போனால் கால்பந்துக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கமோ மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல் ஒன்றிலோ பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு நிற்பதைப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். வந்ததும் முதல் வேலை காதைக் காலி செய்வது. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாம் கழன்று ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போகும், இல்லையென்றால் அம்மாவின் பர்ஸுக்குள். கால்பந்துச் சட்டத்தின் நான்காம் விதி நகை எதையும் அனுமதிப்பதில்லை, மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் செல்லாது. பாதுகாப்புக்கான விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண் பிள்ளைக்கு அந்த விதி கையிலுள்ள காப்போடு முடிந்துபோகிறது. பெண்ணுக்கு மூக்குத்தியில் தொடங்கி, கல்யாணம் ஆனவளானால் மெட்டி, தாலி வரைக்கும் போகிறது. தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத் திடலில் இறங்குவதற்கு எந்த மாமியாரிடம் எப்படி அனுமதி கேட்பது என்பதற்கு விதிப்புத்தகத்தில் வழி இல்லை. கல்யாணத்தோடு ஆட்டம் நின்றுபோவதற்குச் சொல்லப்படும் பெரிய காரணங்களுக்கு நடுவே இந்தச் சிறிய காரணத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தலைத்துணி விவகாரமும் இந்த வகைதான். 2011 ஜூனில் ஜோர்டானுடன் ஆட வேண்டிய ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டத்தில், தலையை மூடியிருந்த காரணத்தால் ஈரான் பெண்கள் ஆட அனுமதிக்கப்படவில்லை. 2014இல் விதி மாறியது. ஈரான் அரசு தலையை மூடச் சொன்னது, ஃபிஃபா திறக்கச் சொன்னது. ஆட வந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இனி, தமிழ்நாட்டில் உண்மையில் ஆடியது யார் என்று பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் போட்டியின் இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. 1991இல் தொடங்கிய அந்தப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு அதுவே முதல் கோப்பை. 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மாநிலத்துக்கு இரண்டாவது தேசியக் கோப்பை. இந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் ஊர்களின் வரிசையில் மயிலாப்பூரும் தி.நகரும் வருவதில்லை. கடலூர் வருகிறது. 2004 சுனாமியில் அடிபட்ட அந்தக் கடற்கரையில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண் பிள்ளைகளைத் திரட்டிப் பந்து கொடுத்தார். அந்த மாவட்டத்திலிருந்துதான் சந்தியா ரங்கநாதனும் இந்துமதி கதிரேசனும் இந்திய அணிக்குப் போனார்கள். சந்தியா அரசு விடுதியில் வளர்ந்தவர். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைக்கு விளையாட்டு பொழுதுபோக்காக இருந்திருக்க வாய்ப்பில்லை, அது அடுத்த வேளைக்கான வழி.

அந்த வழியின் வரைபடம் படிவ எண்களில் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பித்தவர்களுக்கு இது மனப்பாடம். நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் ஒன்று, மாநிலத்துக்காக ஆடியவருக்கு ஃபார்ம் இரண்டு, பல்கலைக்கழக அளவில் ஆடியவருக்கு மூன்று, பள்ளி அளவுக்கு நான்கு. ஒன்றாம் படிவத்தில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாம் படிவத்தில் மாநிலச் சங்கச் செயலாளர். "ஃபார்ம் டூ வாங்கிட்டியா?" என்பது திடலோரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி. கோல் எத்தனை போட்டாய் என்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி என்றும் சொல்லலாம். தேசத்துக்கும் ஆட்டக்காரிக்குமான உறவை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. கொடியைப் பார்த்துக் கண் கலங்குவது உண்மைதான். அந்தக் கொடி வீட்டு வாடகையாக மாற வேண்டுமானால் ஒரு செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்பதும் உண்மைதான்.

இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் ஊரடங்கு வந்து ஆட்டமெல்லாம் நின்றபோது, இந்தியாவின் நடுக்கள ஆட்டக்காரி சென்னைச் சாலையில் முகக்கவசத்தோடு காவல் பணியில் நின்றார். சேதுவிடம் லூதியானாவில் தோற்றதும் ஒரு போலீஸ் அணிதான். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று இந்தியா முதல்முறையாகத் தகுதிச்சுற்று வழியாகவே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தபோது, இரண்டு கோலையும் போட்ட சங்கீதா பாஸ்ஃபோர், சசஸ்திர சீமா பல் என்ற எல்லைக் காவல் படையின் அணியில் ஆடியவர். ஆட்டக்காரிகளைத் தேசம் சீருடையில்தான் வைத்துக் காப்பாற்றுகிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கிளப்புகள் சம்பளம் கொடுக்காத காலத்தில் காவல்துறையும் ரயில்வேயும் கொடுத்தன. லீக்கில் ஆடும் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று கூட்டமைப்பு பேசியதே 2023இல்தான். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் விற்பனைப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசக்கூடிய தொகை அது, அதற்கு மேல் போகாது.

கட்டக்கிலும் லூதியானாவிலும் எதிரே நின்றது மணிப்பூர் என்பதைச் சும்மா கடந்துவிட முடியாது. தேசிய சீனியர் கோப்பையை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் அது. பெம்பெம் தேவி, பாலா தேவி என்று இந்தியப் பெண்கள் கால்பந்தின் பெயர்ப்பட்டியலே பாதி மணிப்பூர்தான். அதே மணிப்பூரிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் தி.நகர், அடையாறு அழகு நிலையங்களிலும் உணவகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். "எந்த நாடும்மா?" என்று அவர்களிடம் கேட்கப்படுவதை இந்த நகரத்தில் இருப்பவர்கள் கேட்டிருப்பார்கள், சிலர் கேள்வியைக் கேட்டும் இருப்பார்கள். 2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வடகிழக்கு மக்கள் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். இந்தியச் சட்டையை அதிகம் போட்டிருக்கும் பெண்களின் ஊர்க்காரர்களைத்தான் இந்தியர்களா என்று சந்தேகப்பட்டோம். 2018 வெற்றியை "மணிப்பூரையே சாய்த்தோம்" என்று கொண்டாடுவதில் தவறில்லை. மணிப்பூர் அத்தனை ஆண்டு தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் சாய்ப்பதற்கு ஒரு போட்டியே இருந்திருக்காது.

தமிழ்ச் சினிமா இதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது. சேது பட்டம் வென்று ஐந்து மாதத்தில், 2019 தீபாவளிக்கு, "பிகில்" வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, வடசென்னைப் பயிற்சியாளர், டெல்லிக்காரரான கூட்டமைப்புத் தலைவர் வில்லன். மாநிலமா நாடா என்ற இழுபறியைப் படம் சரியாகவே மோப்பம் பிடித்திருந்தது. ஆனால் ஆட்டக்காரிகளை எழுப்பிவிட ஆண் நாயகன் அவர்களை அவமானப்படுத்தியாக வேண்டும் என்றும் நம்பியது. பருமனான ஆட்டக்காரியை அவள் உடம்பைச் சொல்லிச் சீண்டும் காட்சிக்குத் திரையரங்கில் விசில் பறந்தது. நிஜ ஆட்டக்காரிகள் ஜெயித்த செய்திக்கு அந்த விசில் கிடைக்கவில்லை.

இனி கடினமான பகுதி. பெண்ணா என்ற கேள்வியைத் தேசம் கேட்கும்போது என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் எடுத்துக்காட்டு கால்பந்தில் இல்லை, தடகளத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினப் பரிசோதனை. அதில் தேறவில்லை என்ற முடிவு ஊடகங்களில் ஓடியது, பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் அவர். தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. மாநிலம் மகளாக வைத்துக்கொண்டது, நாட்டின் விளையாட்டு அதிகாரம் கைகழுவியது. 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார், பின்னர் ஊரில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார், இடையில் சூளைக்கே திரும்பி வேலை செய்தார். அரசுப் பயிற்சியாளராக நிரந்தர வேலை கிடைத்தபோது தோஹா முடிந்து ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது.

முத்துலட்சுமி ரெட்டியும் சாந்தியும் ஒரே மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பதை வேடிக்கைத் தகவலாகச் சொல்லவில்லை. பெண்ணுடலின் மரியாதையைச் சட்டமாக்க அடையாறு வந்து சேர்ந்தவர் ஒருவர். அந்த மரியாதை யாருக்கு உரியது என்பதை மருத்துவர்கள் குழு முடிவு செய்யும் காலத்தில் சிக்கியவர் இன்னொருவர். கால்பந்தில் இதற்கு முன்பே நடந்தது போனி பாலின் கதை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1998 பாங்காக் போட்டிக்குத்தான் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாகப் போனது. அதற்குத் தேர்வான அந்த வங்காளத்து ஆட்டக்காரர் பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி நீக்கப்பட்டார். பின்னாளில் ஆணாக வாழத் தொடங்கிச் சாமி சிலைகள் செய்து பிழைத்தார். உலகம் பெரிதாக மாறிவிடவில்லை. 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் சாம்பியாவின் பார்ப்ரா பாண்டா ஹார்மோன் அளவைக் காரணம் காட்டி ஆட விடப்படவில்லை. அதே பாண்டா அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு முறை ஹாட்ரிக் அடித்தவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். ஒரே உடல், ஒரே ஆட்டம், அமைப்புக்கு அமைப்பு வேறு தீர்ப்பு. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் போட்டியிடுபவர்களுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது.

நியாயமான போட்டிக்கு ஏதோ ஒரு வரையறை வேண்டும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஃபார்ம் ஒன்றுக்கு ஒரு நடைமுறை உண்டு, மேல்முறையீடு உண்டு, கையெழுத்துப் போட்டவர் யார் என்று தெரியும். 2006இல் சாந்திக்கு நடந்ததில் இந்த மூன்றும் எங்கே இருந்தன? அவருடைய உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிவதற்குமுன் ஊருக்குத் தெரிந்ததற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் திடலில் இறங்கும் ஒவ்வொரு பெண்ணையும் முடியைக் குட்டையாக வெட்டியதற்கும் குரல் கட்டையாக இருப்பதற்கும் சந்தேகிக்கும் வேலையை வகுப்பறையும் தெருவும் முன்கூட்டியே செய்துகொண்டுதான் இருக்கின்றன.

தேசம் ஒருபுறம் இருக்கட்டும். அடையாறுப் பிள்ளைக்கும் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பிள்ளைக்கும் முதலில் வேண்டியது திடல். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 3,000 ரூபாய். அதை மகனுக்குக் கட்டும் வீடுகள்கூட மகளுக்குக் கட்டுமா என்ற கேள்வி அந்தச் சண்டையில் பெரிதாக எழவில்லை. கட்டணம் போனது நல்லது. இலவசத் திடலில் மாலை ஐந்தரைக்கு மேல் யார் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால் மீதி வேலை தெரியும். வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கென்று எழுதிய பலகை ஒன்று, அந்த நேரத்தில் எரியும் விளக்கு, பூட்டாத கழிப்பறை. இதற்கு எந்தக் கூட்டமைப்புச் செயலாளரின் கையெழுத்தும் தேவையில்லை, வார்டு அலுவலகமே போதும்.